இதர பணிகள்

தாராவி,
22-6-1964

அன்புமிக்க அத்தானுக்கு,

சுயம்பு எழுதிக்கொள்வது. இங்கு நான், அய்யா, அம்மா மூவரும் சுகம். வீட்டுக்குள் வந்த மழைத்தண்ணீரும் சுகமாகவே இருக்கிறது, திரும்பிப் போக மனமில்லை. புனாவில் நீங்களும் அக்காவும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் புண்ணியத்தில் இன்று வேலையில் சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் எங்கே வேலை என்று கேட்டான். செம்பூரில் வித்யாகிரி பல்கலைக்கழகம், அங்கே நூலகம் என்றேன். "தாதாகிரி தெரியும், அது என்னடா வித்யாகிரி?" என்கிறான். சேர்ந்து ஒரு நாள்தான் ஆகிறது, இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கும் இன்னும் பிடிபடவில்லை.

இங்கிலீஷ் ஆர்டரின் கீழே எனக்குப் புரிவதற்காக நீங்களே பென்சிலில் எழுதி அனுப்பியிருந்தீர்களே: 'நூலகச் சேவகர். புத்தகங்களை எடுத்து வைத்தல் மற்றும் இதர பணிகள்.' புத்தகத்தை எடுத்து வைப்பது புரிகிறது. அந்த இதர என்னவென்று தலைமை நூலகர் மகாதேவன் சாரிடம் கேட்டேன். மாட்டுங்காக்காரர், நெற்றியில் விபூதி, மூக்கில் பொடி. "இதரன்னா இதரதாண்டா. நான் சொல்றதெல்லாம் இதர, நான் சொல்லாததெல்லாமும் இதர" என்றார்.

கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. நாலு மூலையிலிருந்தும் "ஏ லட்கா, இதர் ஆவ்!" தமிழில் மற்ற வேலை என்பதும் இந்தியில் இங்கே வா என்பதும் ஒரே சொல்லாக அமைந்தது என் ஜாதகம். இனிமேல் என் பெயர் சுயம்பு அல்ல அத்தான், இதரன்.

அக்காவுக்கு என் அன்பு. மருமகளின் கன்னத்தை என் கணக்கில் ஒருமுறை கிள்ளவும்.

உங்கள் மைத்துனன்,
சுயம்பு


புனா,
6-7-1964

செல்வன் சுயம்புவுக்கு ஆசி.

நலம். கடிதம் கண்டேன். உன் அக்கா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிச் சிரித்தாள். நீ சிரிக்கவைக்க வேலைக்குப் போகவில்லை. மேலதிகாரியைப் பெயர் வைத்துக் கேலி செய்து எழுதாதே. நான் தலைமை அலுவலகத்தில் சிப்பந்திகள் பிரிவில் இருக்கிறேன், நீ என் மனைவியின் தம்பி. இந்த இரண்டையும் அங்கே யாரிடமும் சொல்லித் திரியாதே. சொன்ன வேலையைச் செய். அய்யா, அம்மாவுக்கு வணக்கம்.

பிரம்மநாயகம்


தாராவி,
11-8-1964

அன்புமிக்க அத்தானுக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் ஈரத்தில் முழங்கால் பிடிக்கிறது. அக்காவின் இருமல் நின்றதா?

நீங்கள் சொன்னபடி சொன்ன வேலையைச் செய்கிறேன். அதில்தான் சங்கடம். சொல்கிறவர்கள் மூன்று பேர். போன வாரம் ஒரு காலையில் மகாதேவன் சாருக்கு மாட்டுங்காவில் காப்பிப்பொடி வாங்கினேன். கவுண்டர் கிளார்க் பஞ்சு சாருக்கு ரயில் பாஸ் புதுப்பிக்கக் கியூவில் நின்றேன். டைப் அடிக்கிற ஷ்யாமளா அக்காவுக்குக் குடையில் கம்பி கட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்தால், "புத்தகமெல்லாம் மேஜையிலேயே கெடக்கறது, நீ எங்கேடா மேயப் போனே?" என்று சார் சத்தம் போடுகிறார், காப்பிப்பொடியை வாங்கிக்கொண்டே. நான் புத்தகம் அடுக்குகிறவன் அத்தான். எனக்கு நடப்பதுதான் அடுக்காது.

வேலை கஷ்டம் என்று சொல்லவில்லை. தாராவியில் பிறந்தவனுக்குச் சுமை புதிதா? ஆனால் சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது இன்றைக்கு என் வேலையை முடித்தேன் என்று ஒரு நாளாவது நினைக்க வேண்டாமா? முடிக்க முடியாது, எது என் வேலையென்று தெரிந்தால்தானே. வேலை யாருடையது என்று தெரியாத இடத்தில், தப்புக்கு மட்டும் ஆள் உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு வம்பு செய்தேன், திட்டாதீர்கள். புத்தக முதுகில் ஒட்டுகிற காகிதச் சீட்டில் 'இதர' என்று எழுதி என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடினேன். ஷ்யாமளா அக்காவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. மகாதேவன் சார் மட்டும் சிரிக்கவில்லை. பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "சரி, இதரக்காரா, உனக்கு ஏத்த அலமாரி ஒண்ணு இருக்கு, வா" என்று கூட்டிக்கொண்டு போனார்.

மாட்டுங்காவில் யாரோ பெரியவர் இறந்துபோய், அவர் வீட்டார் பெட்டி பெட்டியாகத் தமிழ்ப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறார்கள். அவை இருக்கும் அலமாரியின் மேல் எழுதியிருப்பது: 'இதர மொழிகள்'. பிரித்து அடுக்க யாருக்கும் நேரமில்லையாம், என்னை அடுக்கச் சொல்லிவிட்டார். இதரனுக்கு இதர கிடைத்தது.

மருமகளுக்கு நடை வந்ததா? எழுதவும்.

உங்கள் மைத்துனன்,
சுயம்பு


புனா,
20-9-1964

செல்வன் சுயம்புவுக்கு ஆசி.

நலம். அலுவலகத்தில் வேலை அதிகம், பதில் தாமதித்தது. குழந்தை நடக்கிறாள்.

நீ எழுதியதை யோசித்தேன். உன் குறையில் நியாயம் இருக்கிறது. காலையில் கதவு திறந்ததிலிருந்து சாயந்தரம் வரை என்னென்ன செய்கிறாய், யார் சொல்லிச் செய்கிறாய், சொல்லாமல் நீயாகச் செய்வது என்ன, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுது. வேடிக்கையாக எழுதினாலும் பரவாயில்லை.

பிரம்மநாயகம்


தாராவி,
4-10-1964

என் தங்கமான அத்தானுக்கு,

இங்கு எல்லாரும் சுகத்துக்கு மேல் சுகம். 'நியாயம் இருக்கிறது' என்று நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பொறவு? எம் மருமவன் வாய் பேசாதே தவிர மனசு பேசும்லா" என்று அம்மா ஒரே பெருமை. நான் என்ன செய்கிறேன் என்று இதுவரை யாருமே கேட்டதில்லை அத்தான். பிடியுங்கள்.

காலையில் கதவு, ஜன்னல், தூசி. பிறகு பஞ்சு சார் சொல்லி, முந்தின நாள் திரும்பிய புத்தகங்களை இடத்தில் வைப்பது. பிறகு மூன்று பேருடைய கடை கண்ணி. மத்தியானம் பஞ்சு சார் தூங்கும்போது கவுண்டரில் உட்கார்வது (அவர் சொல்லி அல்ல, குறட்டை சொல்லி). சாயந்தரம்தான் என் நேரம். தமிழ் அலமாரி.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும்: பெயர், எழுதியவர், எந்தத் துறை, என்ன எண். ஷ்யாமளா அக்காதான் கற்றுக்கொடுத்தது. "எனக்குத் தமிழ் பேசத்தாண்டா வரும், வாசிச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, நீ வாசி, நான் நம்பர் சொல்றேன்" என்றது. ஷ்யாமளா அக்கா மாட்டுங்காவில் படித்தது எல்லாம் இங்கிலீஷ். இப்போது நம்பரும் நானே போடுகிறேன். ஒரு தடவை பிடித்தால் விடுவதில்லை, அட்டைக்கு அட்டை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

ஒரு குறும்பும் சொல்லிவிடுகிறேன், ஒன்றுவிடாமல் என்றீர்களே. 'நெஞ்சுவலி' என்று ஒரு காதல் நாவல். அதைக் கொண்டுபோய் மருத்துவத்தில் வைத்தேன். டாக்டருக்குப் படிக்கிற திருவேங்கடம் என்கிற பையன் எடுத்துப்போய் இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தான். "என்ன சார், நோய் புரிந்ததா?" என்றேன். "புரிஞ்சுது, மருந்துதான் கடைசி அத்தியாயத்துல கல்யாணம் பண்ணிண்டு போயிடறது" என்றான். பிறகு சரியான இடத்தில் வைத்துவிட்டேன்.

இப்போது சயான், ஆண்டாப் ஹில், நம் தாராவியிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். ரஷீதா என்று ஒரு பெண், தோல் மண்டிக்காரர் மகள், காலேஜில் படிக்கிறது. வாரம் ஒரு நாவல். "அண்ணே, அழுவாச்சி இல்லாததாப் பாத்து எடுங்க" என்று கேட்கும். அதற்காக நான் முதலில் வாசித்து வைக்கிறேன்.

முக்கியமான சமாசாரம். மகாதேவன் சார் என்னைக் கூப்பிட்டு, "தமிழுக்கு ஓர் உதவியாளர் போஸ்ட் வேணும், இந்தப் பையனையே போடலாம்னு புனாவுக்கு எழுதறேண்டா" என்றார். புனா என்றால் சிப்பந்திகள் பிரிவு. சிப்பந்திகள் பிரிவு என்றால் யார் மேஜை? நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உள்ளுக்குள் குதித்ததோடு சரி. எனக்கு அந்த வேலை கிடைத்தால் போதும் அத்தான், வேறு எதுவும் உங்களிடம் கேட்க மாட்டேன்.

மருமகளுக்கு என் முத்தம். அக்காவுக்கு ஒரு கும்பிடு.

உங்கள் மைத்துனன்,
(வருங்காலத் தமிழ் உதவியாளர்)
சுயம்பு


புனா,
1-11-1964

செல்வன் சுயம்புவுக்கு ஆசி.

நலம். தீபாவளி வாழ்த்து. கோப்பு விஷயங்களைக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

அந்த நாவலை இடம் மாற்றி வைத்தது எந்த மாதம்? மகாதேவனுக்குத் தெரியுமா?

பிரம்மநாயகம்


தாராவி,
15-11-1964

அன்புமிக்க அத்தானுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு அக்கா அனுப்பிய சட்டை ஒரு பிடி பெரிது. உதவியாளர் உடம்புக்கு அளவெடுத்திருக்கிறாள் போலிருக்கிறது.

அது செப்டம்பர் மாதம். மகாதேவன் சாருக்குத் தெரியும், தெரிந்து சிரித்தார். உங்களுக்குமா சிரிப்பு வந்துவிட்டது? அதை மட்டும் தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறீர்களே! வேண்டுமானால் அந்த நாவலையே அனுப்பிவைக்கிறேன். அத்தானுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருப்பதை அக்கா தெரிந்துகொள்ளட்டும்.

கோப்பைப் பற்றி எழுத மாட்டேன். கோப்பையைப் பற்றி எழுதலாமா? நேற்று மகாதேவன் சார் தன் கையாலேயே எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

உங்கள் மைத்துனன்,
சுயம்பு


தாராவி,
9-1-1965

அன்புமிக்க அத்தானுக்கு,

நாங்கள் சுகம். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? பொங்கல் முடிந்ததும் அம்மாவை அனுப்பட்டுமா?

மகாதேவன் சார் தபால் வந்ததும் என் முகத்தைப் பார்க்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். ஷ்யாமளா அக்கா, "ரெண்டு பேரும் பொண்ணு பாத்துட்டுப் பதிலுக்குக் காத்திண்டிருக்கற மாதிரின்னா இருக்கேள்!" என்கிறது.

கேட்கக் கூடாது என்றீர்கள். கேட்கவில்லை. சுகமா என்று மட்டும் எழுதவும்.

உங்கள் மைத்துனன்,
சுயம்பு


புனா,
27-1-1965

தம்பி சுயம்புக்கு அக்கா பேராச்சி எழுதிக்கிடுதது.

நாங்க சொகமா இருக்கோம். அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு? வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லு.

சந்தோசமான சேதி. அத்தானுக்குச் சூப்பிரண்டு வேலை ஒசந்திருக்கு. லைப்ரரில வேலை பாக்குத ஒவ்வொருத்தருக்கும் இன்னின்ன வேலைதான்னு பூரா எழுதி முடிச்சுக் கொடுத்தாகளாம், பெரிய ஆபீசரு கையக் குலுக்கினாராம். மூணு மாசமா ஞாயித்துக்கெழமைகூட அதே சோலிதான். உன் கடுதாசிய எல்லாம் மேசையில பரத்தி வச்சுக்கிட்டு, பென்சிலால கோடு போட்டுப் போட்டு எழுதுனாக. "எந் தம்பி கடுதாசியில அப்படி என்ன இருக்கு?"ன்னு கேட்டேன். "இம்புட்டு வெவரம் வேற ஒருத்தனும் எழுதல"ன்னாக. எனக்கு உச்சி குளுந்துட்டு. நீ வெளையாட்டா எழுதுனது அவுகளுக்கு எம்புட்டு ஒதவியிருக்கு பாரு!

உன் வேல என்னாச்சுன்னு கேட்டேன். சாப்பிட்டு எந்திச்சுப் போயிட்டாக. அலுப்பா இருக்கும்.

மருமவ உன் பேரச் சொன்னா, "தம்பு"ன்னு.

அக்கா பேராச்சி


தாராவி,
21-2-1965

அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் உத்தியோகம் உயர்ந்ததற்கு அய்யா சர்க்கரை வாங்கித் தெருவில் கொடுத்தார். நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

நேற்று உங்கள் சுற்றறிக்கை வந்தது. மகாதேவன் சார் எல்லாரையும் நிறுத்தி வாசித்தார், எனக்காகத் தமிழிலும் சொன்னார். நூலகர் இன்னது செய்வார், கவுண்டர் கிளார்க் இன்னது செய்வார். யாரும் யாரையும் சொந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. அதற்கு நானே கைதட்டியிருப்பேன். பிறகு சேவகர் வந்தார். கதவு திறந்து மூடுதல். தூசி தட்டுதல். சொன்ன புத்தகத்தைச் சொன்ன இடத்தில் கொண்டு சேர்த்தல். 'நூலட்டைகளைச் சேவகர்கள் எழுதலாகாது, வகை பிரிக்கலாகாது. தமிழ் நாவலொன்று மருத்துவப் பிரிவில் வைக்கப்பட்டது போன்ற தவறுகள் இதனால் நேர்ந்துள்ளன.' கடைசியில், தகுதி பெற்ற அலுவலர் கிடைக்கும்வரை இதர மொழி நூல்களைக் கட்டிவைக்கவும். உதவியாளர் பதவி தேவையில்லை.

முகவுரையில் ஒரு வாக்கியம்: 'பணி யாருடையது என்று தெரியாத இடத்தில் தவறுக்கு மட்டுமே ஆள் தெரிகிறது.' சார் அதை இரண்டு தடவை வாசித்து, "ஆஹா, எழுதினவன் அனுபவஸ்தன்!" என்றார். நான் தலையாட்டினேன்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் சிபாரிசுதாண்டா பண்ணினேன், வந்திருக்கறது ஆர்டர். அந்த நாவல் சங்கதி புனாவுக்கு எப்படிடா போச்சு? நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே!" என்றார். கண் கலங்கியிருந்தது. தன்னை நான் சந்தேகப்படுவேன் என்று பயப்படுகிறார், பாவம். யார் சொன்னார்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நீங்கள்தானே சொன்னீர்கள், நம் உறவை யாரிடமும் சொல்லித் திரியாதே என்று.

கட்டுகளை இன்று கீழ்த்தளத்துக்குச் சுமந்தது நான்தான். அது என் பட்டியலில் இருக்கிறது.

உங்கள் மேஜைக்கு என் கோப்பு வந்தபோது வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். என்னைக் கேட்டு, என் கையால் எழுதி வாங்கி, அதிலேயே என்னை வெட்டினீர்களே, அது ஏன் அத்தான்?

சுயம்பு


புனா,
18-4-1965

செல்வன் சுயம்புவுக்கு ஆசி.

நலம். சுற்றறிக்கை எல்லா நூலகங்களுக்கும் பொதுவானது. தனி ஒருவரை உத்தேசித்தது அல்ல. என் மைத்துனன் செம்பூரில் வேலை பார்க்கிறான் என்பது இங்கே எப்படியோ தெரிந்துவிட்டது. அந்தப் பதவியை நான் அனுமதித்திருந்தால் என்ன பேசுவார்கள் என்பது உனக்கு வயது வரும்போது தெரியும். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

சிப்பந்திகளுக்கு அனுப்பிய படிவங்கள் திரும்பிவிட்டன. 'உம் பணி இன்னதென்று தெளிவாகத் தெரிகிறதா?' என்பதற்கு ஆம் என்று எழுதிய நீ, 'பணியில் திருப்தி உண்டா?' என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். உன் ஒருவனுடையதுதான் அப்படி. நிரப்பி அனுப்பு.

வைகாசியில் குழந்தைக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி வேண்டும். உன் அக்கா நாளைக்கு நாலு தடவை கேட்கிறாள். அவசியம் வா.

பிரம்மநாயகம்


தாராவி,
3-5-1965

மதிப்பிற்குரிய சூப்பிரண்டு ஐயா அவர்களுக்கு,

நலம்.

என் பணி தெளிவாகத் தெரிகிறது. போன வாரம் ரஷீதா வந்து நாவல் கேட்டது. அது எந்தக் கட்டில், எத்தனையாவதாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "அது என் வேலை இல்லை" என்றேன். "நீங்கதானண்ணே எப்பவும் எடுத்துத் தருவீக?" என்றது. "அப்போ என் வேலை என்னன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். வெறுங்கையோடு போய்விட்டது. பிறகு வரவில்லை. இப்போது சாயந்தரம் மணியடித்ததும் கிளம்பிவிடுகிறேன். மிச்சம் என்று எதுவும் இருப்பதில்லை.

நீங்கள் கேட்ட இடம் காலியாகவே இருக்கட்டும்.

காதுகுத்துக்கு வருகிறேன். அக்கா கேட்கிறாள், அதனால் வருகிறேன். அவள் ஜனவரியில் எனக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி நீங்கள் அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். உங்களை நினைத்துப் பெருமைப்பட்டுத்தான் எழுதினாள், அவள் அப்படியே இருக்கட்டும்.

மருமகளை மடியில் வைத்து, ஆசாரி குத்தி முடிக்கும்வரை தலை அசையாமல் பிடித்துக்கொள்வேன். அவள் அழுகை அடங்கியதும் அக்கா கையில் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன். சாப்பாட்டுக்கு இருக்க மாட்டேன். அக்கா கேட்டால், லீவு கிடைக்கவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுயம்பு,
நூலகச் சேவகர்